எங்கள் வரைபடத்தில் எதுவும் இல்லை

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நாங்கள் இருவரும் வாட்கம் அருவிப் பூங்காவுக்கு நடக்கப் போவதுண்டு. வாஷிங்டன் மாநிலத்தின் வடமேற்கு மூலையில், கனடா எல்லைக்கு அரைமணிநேரத் தொலைவில் இருக்கும் பெல்லிங்ஹாம் நகருக்கு நடுவே அமைந்த பூங்கா அது. பாசி படர்ந்த கல்பாலம் ஒன்று. அதன்கீழ் படிப்படியாக விழும் நீர். பிறகு ஓடை, ஊரைக் கடந்து கடலில் சேரும்வரை. முதல்முறை வந்தபோது ஓடைக்கரையில் ஒரு நீளத்துக்கு மட்டும் மரங்கள் ஒரே வயதாக, இளையவையாக நிற்பதைக் கவனித்தோம். இரு பக்கமும் முதிய ஊசியிலை மரங்கள். நடுவே மட்டும் ஏதோ ஒரு தலைமுறையை வெட்டியெடுத்ததைப்போல. காரணத்தைப் பூங்காவில் எதிர்ப்பட்ட ஒருவர்தான் சொன்னார். சொல்லிவிட்டு, நாயின் கயிற்றை இழுத்துக்கொண்டு, மேலே பேச விரும்பாதவராக நடந்து போய்விட்டார்.

1999 ஜூன் 10 பிற்பகலில் அந்தப் பூங்காவின் அடியில் போகும் 16 அங்குல எண்ணெய்க் குழாய் வெடித்துப் பிளந்தது. ஏறக்குறைய 2,37,000 கேலன் பெட்ரோல் ஓடையில் கலந்து நீரோடு இறங்கியது. சுமார் ஒன்றரை மணிநேரம் கழித்து அது பற்றிக்கொண்டது. ஒன்றரை மைல் நீளத்துக்கு ஓடை எரிந்தது. பத்து வயதுச் சிறுவர்கள் இருவர், தூண்டில் போட வந்த பதினெட்டு வயது இளைஞர் ஒருவர், ஆக மூவர் மாண்டனர். இளைஞரைத் தீ தொடவில்லை. ஆவியை முகர்ந்து மயங்கி நீரில் விழுந்தார். ஓடையில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மீன்கள் செத்தன. தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2002இல் வெளியிட்ட அறிக்கை காரணங்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்கிறது: 1994இல் அருகில் நடந்த குடிநீர் நிலைய வேலையின்போது தோண்டும் இயந்திரம் குழாயைக் காயப்படுத்தியது, பின்னர் நடந்த உட்சோதனையில் தெரிந்த குறிகளைத் தோண்டிப் பார்க்காமல் விட்டது, அழுத்தத்தைத் தணிக்க வேண்டிய வால்வு சரியாக இயங்காதது, குழாயைக் கண்காணிக்கும் கணினியிலேயே அது இயங்கிக்கொண்டிருக்கும்போது வேறு வேலை பார்த்தது. அறிக்கையை வாசித்த இரவு எங்களுக்கு உறக்கம் வரவில்லை. இந்தச் சங்கிலியில் எந்த ஒரு கண்ணியை எடுத்திருந்தாலும் அந்தக் குழந்தைகள் இருந்திருப்பார்கள் என்று மாறி மாறிக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தோம்.

இதை முதலில் சொல்லிவிட வேண்டியிருக்கிறது. ஏனென்றால் நாங்கள் எழுத வந்தது ஒரு செடியைப் பற்றி. குழாயைத் தோண்டிப் பார்ப்பதற்கு எதிரானவர்கள் நாங்கள் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. தோண்டாமல் விட்டதன் விலை என்னவென்று அறிந்த ஊரில் வாழ்கிறோம்.

எங்களில் ஒருவருக்குத் தாவரங்களில் ஈடுபாடு. மற்றவருக்கு உடன் போவதில். இப்படித்தான் அரிய தாவரங்களைக் கண்காணிக்கும் ஒரு தன்னார்வத் திட்டத்தில் இருவரும் சேர்ந்தோம். பணி எளியது. ஒதுக்கித் தரும் இடத்துக்கு ஆண்டுக்கு ஒருமுறை போக வேண்டும். செடிகளை எண்ண வேண்டும். படிவத்தை நிரப்ப வேண்டும். போவதற்கு முன் ஒரு தாளில் கையெழுத்திட வேண்டும்: இந்த இடம் எங்கிருக்கிறது என்பதை யாரிடமும் சொல்ல மாட்டோம் என்று. அப்போது அது எங்களுக்கு வேடிக்கையாக இருந்தது. ஒரு பூச்செடிக்கு இத்தனை ரகசியமா? பிறகு புரிந்தது. அரிய ஆர்க்கிடுகளையும் கள்ளிகளையும் தேடித் தோண்டிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. வல்லூறுக் கூடுகளைத் தேடிப் போகிறவர்கள் உண்டு. ஆட்கள் திரள்வதாலேயே நசுங்கிப் போகும் ஈரநிலங்கள் உண்டு. இவற்றைவிட முக்கியமாக, இந்தச் செடிகளில் பல தனியார் நிலங்களில் நிற்கின்றன. நிலத்துக்காரர் நம்மை உள்ளே விடுவதே விஷயம் வெளியில் போகாது என்ற நம்பிக்கையில்தான். நம்பிக்கை போனால் அடுத்த ஆண்டு வேலிக்கதவு திறக்காது.

ஆகவே அந்தச் செடியின் பெயரை இங்கும் எழுதப் போவதில்லை. தமிழில் எழுதினால் எவருக்குத் தெரியப்போகிறது என்று எங்களில் ஒருவர் வாதிட்டுப் பார்த்தார். எடுபடவில்லை.

2017 வசந்தத்தில் நாங்கள் எண்ணப் போன இடம் ஒரு ராஸ்ப்பெரித் தோட்டத்தின் பின்கோடி. எங்கள் மாவட்டத்தின் வடக்கே கண்ணுக்கெட்டியவரை ராஸ்ப்பெரி வரிசைகள்தாம். தோட்டம் முடிந்து நிலம் தாழ்ந்து ஈரமாகும் இடத்தில் முப்பதடி அகலத்துக்கு மரமற்ற நேர்க்கோடு ஒன்று குறுக்கே ஓடுகிறது. குழாய்த்தடம். மஞ்சள் தொப்பி போட்ட வெள்ளைக் கம்பங்கள் தூரத்துக்கொன்றாக நிற்கும். தடத்தின் ஓரத்தில், பாதி வெளியிலும் பாதி உள்ளேயுமாக, எங்கள் செடிகள். அவ்வாண்டு 41. இதில் ஒரு விந்தை உண்டு. நிழல் சூழ்ந்தால் வளராத செடி அது. குழாய்க்காகப் புதரை வெட்டிக்கொண்டே இருப்பதனால்தான் அங்கே அது பிழைத்திருக்கிறது என்று எங்களுக்குப் பயிற்சி தந்த தாவரவியலாளர் சொன்னார். குழாய் இல்லையென்றால் செடியும் இருந்திருக்காது. இயற்கையையும் தொழிலையும் எதிரெதிரே நிறுத்திவைத்து யோசித்துப் பழகிய எங்களுக்கு இதை விழுங்கச் சிறிது காலம் பிடித்தது.

அதே ஆண்டு கோடையில் அக்கம்பக்கத்தாருக்கு ஒரு கடிதம் வந்தது. குழாயின் அந்தப் பகுதியில் சில இடங்களைத் தோண்டிப் பார்க்கப் போகிறார்கள். குழாய்க்குள்ளேயே எண்ணெயோடு ஓடி உலோகத்தின் தடிமனை அளந்துகொண்டு வரும் கருவி ஒன்று இருக்கிறது. இத்தொழிலில் அதைப் 'பிக்' என்கிறார்கள். பன்றிதான், வேறு அர்த்தமில்லை. பன்றி எங்கேனும் குறி காட்டினால் அங்கே மண்ணை விலக்கிக் கண்ணால் பார்க்க வேண்டும். பெல்லிங்ஹாமில் செய்யத் தவறிய அதே வேலை. ஊர் நூலகத்தின் கூடத்தில் ஒரு மாலை விளக்கக் கூட்டம் நடந்தது. முப்பது பேர் இருந்திருப்போம். நிறுவனத்தின் சார்பில் வந்திருந்த பெண்மணி பொறுமையாக விளக்கினார். வரிசையில் முன்னால் அமர்ந்திருந்த ஒரு மூதாட்டி எழுந்து, அந்தத் தாழ்நிலத்தில் நாம் கவலைப்பட வேண்டிய உயிர் ஏதேனும் இருக்கிறதா என்று கேட்டார். நல்ல கேள்வி. பெண்மணி மடிக்கணினியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "எங்கள் வரைபடத்தில் அங்கே எதுவும் இல்லை" என்றார்.

நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. பார்த்தால் முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்ற பயம். 41 செடிகள். இரண்டாம் கம்பத்துக்கும் மூன்றாம் கம்பத்துக்கும் இடையில். எழுந்து சொல்ல ஒரு வாக்கியம் போதும். கையெழுத்திட்ட தாள் வீட்டில் அலமாரிக்குள் கிடந்தது. ஆனாலும் அது அந்தக் கூடத்தில் எங்கள் மடியில் இருப்பதைப்போல் கனத்தது. நாங்கள் பேசவில்லை. கூட்டம் முடிந்தது. காபி குடித்துவிட்டு வீடு திரும்பினோம். வண்டியில் எங்களுக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டோம்: பொதுக்கூட்டத்தில் அவர் சொல்ல மாட்டார், அவரும் கையெழுத்திட்டிருப்பார், நிறுவனத்தின் உள் வரைபடத்தில் நம் செடி கட்டாயம் இருக்கும்.

இருக்குமா என்று பார்க்கப் புறப்பட்டதில்தான் இந்தக் கட்டுரையின் விஷயம் பிடிபட்டது.

அபாயகரமான திரவங்களைக் கொண்டுபோகும் குழாய்களுக்கென்று அமெரிக்காவில் ஒரு விதி இருக்கிறது. 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின் கட்டளைப்படி, அந்நாட்டுப் போக்குவரத்துத் துறை 2000 டிசம்பரில் அதை இறுதி செய்தது. கசிவு நேர்ந்தால் மீளாத கேடு விளையக்கூடிய சூழலியல் இடங்களையும் குடிநீர் இடங்களையும் வரைபடமாக்க வேண்டும். குழாய் அவற்றைப் பாதிக்கக்கூடுமானால் அங்கே கூடுதல் சோதனை, கூடுதல் கவனம். இந்த இடங்களுக்கு 'வழக்கத்தை மீறி நுண்மையான பகுதி' என்று பொருள்படும் பெயர். ஆங்கிலச் சுருக்கம் யு.எஸ்.ஏ. என்று வருகிறது. இணையத்தில் தேடினால் தேசமே வந்து நிற்கும்.

இதற்கான சூழலியல் தகவலின் பெரும்பகுதி மாநிலங்களின் இயற்கை மரபுத் திட்டங்களிடமிருந்து வருகிறது. 1974இல் தென் கரோலினாவில் தொடங்கி மாநிலம் மாநிலமாகப் பரவிய அமைப்பு முறை இது. ஓர் அரிய உயிர் ஓரிடத்தில் காணப்பட்டால் அது ஒரு பதிவு. எங்களைப் போன்றவர்கள் முழங்கால் சேற்றில் நின்று நிரப்பும் படிவம்தான் கடைசியில் அந்தப் பதிவாகிறது. ஒவ்வொரு உயிரினத்துக்கும் உலக அளவில் ஒரு தரவரிசை இருக்கும். ஐந்து அல்லது அதற்கும் குறைவான இடங்களில் மட்டும் இருப்பது, அல்லது ஆயிரம் உயிர்களுக்கும் குறைவாக எஞ்சியிருப்பது, முதல் வரிசை. ஒவ்வொரு இடத்துக்கும் தனியாக ஒரு மதிப்பெண்ணும் உண்டு. அங்கே அந்த உயிர் எவ்வளவு செழிப்பாக, நீடிக்கும் நிலையில் இருக்கிறது என்பதற்கு: ஏ, பி, சி, டி.

விதி இவை அனைத்தையும் எடுத்துக்கொள்வதில்லை. வடிகட்டுகிறது. முதல் வரிசை அரிய உயிர் என்றால் உள்ளே. பல அரிய உயிர்கள் ஒரே இடத்தில் சேர்ந்திருந்தால் உள்ளே. வலசைப் பறவைகள் பெருந்திரளாகக் கூடும் குறிப்பிட்ட இடங்கள் உள்ளே. மற்றபடி, அருகிவரும் உயிராகச் சட்டப் பட்டியலில் இருந்தாலுங்கூட, நீரைச் சார்ந்ததா, அல்லது நிலத்தில் மிகக் குறுகிய பரப்பில் வாழ்வதா என்று பார்க்கிறார்கள். அப்படி இல்லாவிட்டால், இடத்தின் மதிப்பெண் ஏ அல்லது பி ஆக இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். இவற்றில் எதுவும் பொருந்தாமல் மதிப்பெண்ணும் சி என்றால் வெளியே.

இந்த வடிகட்டலில் நியாயம் இல்லாமலில்லை. எல்லா இடமும் சிறப்பிடம் என்றால் எந்த இடமும் சிறப்பிடமாகாது. சோதனைக்கான பணமும் ஆட்களும் எங்கும் சமமாகப் பரந்து மெலிந்துவிடும். எங்கே முதலில் பார்ப்பது என்ற கேள்விக்கு விடையாகத்தான் அந்த வரைபடத்தை வரைந்தார்கள். எங்கே என்ன இருக்கிறது என்ற கேள்வியை அது கேட்கவே இல்லை. ஆனால் மடிக்கணினித் திரையில் அது விரியும்போது இரண்டும் ஒன்றாகத்தான் தெரிகின்றன. வண்ணம் பூசிய இடம், பூசாத இடம். பூசாத இடத்தைக் கண் வெறுமை என்று வாசித்துவிடுகிறது. வெறுமையாக இருப்பதற்கோ எத்தனையோ காரணங்கள்: யாரும் அங்கே போய்த் தேடவில்லை; நிலத்துக்காரர் உள்ளே விடவில்லை; தேடிய மாதத்தில் அது பூக்கவில்லை; பதிவு வந்து சேர்ந்தது வரைபடத்தின் பிரதி எடுத்த பிறகு; வந்தது, ஆனால் சி.

எரிவாயுக் குழாய்களுக்கு இந்தச் சூழலியல் அடுக்கே பொருந்தாது என்பதையும் அப்போதுதான் அறிந்தோம். அவற்றுக்கு மனிதர்கள் எங்கே நெருக்கமாக இருக்கிறார்கள் என்பதே கணக்கு. வாயு மேலே போய்விடும், ஆற்றில் ஓடாது என்பது தர்க்கம்.

வண்ணம் பூசிய இடத்துக்கும் எல்லைகள் உண்டு. குழாய் எங்கே போகிறது என்பதைச் சொல்லும் தேசிய வரைபட அமைப்பு ஒன்றிருக்கிறது. அதில் குழாயின் இடம் 500 அடி வரை இப்படியோ அப்படியோ தள்ளியிருக்கலாம் என்று அவர்களே எழுதிவைத்திருக்கிறார்கள். 2001 செப்டம்பருக்குப் பிறகு பொதுமக்களுக்கு அதைச் சில காலம் மூடிவைத்திருந்தார்கள். இப்போது யாரும் பார்க்கலாம். ஒருமுறைக்கு ஒரு மாவட்டம் மட்டும், ஓரளவுக்குமேல் நெருங்க முடியாதபடி. சூழலியல் அடுக்கோ பொதுமக்களுக்குக் கிடையாது. குழாய் நிறுவனங்களுக்கும் அரசு அலுவலகங்களுக்கும் மட்டும், அதுவும் நிபந்தனைகளோடு. எங்கள் செடிக்காக நாங்கள் இட்ட கையெழுத்தும் அந்த நிபந்தனையும் ஒரே அச்சத்தில் பிறந்தவை. ஆகவே எங்களுக்குத் தர முடியாது என்று பதில் வந்தபோது கோபப்படக்கூட இயலவில்லை.

இனி, எண்ணெய் வரைபடத்தின் கோட்டுக்குள் நிற்பதில்லை. 2015 மே மாதத்தில் கலிபோர்னியாவின் ரெஃபூஜியோ கடற்கரை அருகே உடைந்த குழாய் கடற்கரையில் இல்லை. நெடுஞ்சாலைக்கு அப்புறம், நிலப்பக்கம் இருந்தது. எண்ணெய் சாலைக்கும் ரயில்பாதைக்கும் அடியில் போகும் மழைநீர்ப் பாலத்தின் வழியே கடலைச் சேர்ந்தது. அந்தச் சிறு பாலத்தை எந்தப் பறவைக் கணக்கெடுப்பும் குறித்திருக்காது. 2010 ஜூலையில் மிச்சிகனில் மார்ஷல் என்ற ஊருக்கருகே உடைந்த குழாயை நிறுத்த 17 மணிநேரம் பிடித்தது. 8,43,000 கேலன் கச்சா எண்ணெய் ஒரு சிற்றோடை வழியாகக் கலமசூ ஆற்றில் இறங்கியது. அது கனமான தாரெண்ணெய். ஒரு பகுதி மிதக்காமல் ஆற்றின் அடியில் படிந்தது. கரையையும் நீர்ப்பரப்பையும் மனத்தில் கொண்டு தயாரித்த எந்தத் திட்டத்துக்கும் ஆற்றின் அடி வேறொரு நாடு.

கடலோரங்களுக்கான நுண்மைக் குறியீட்டு வரைபடங்கள் இதைவிட மூத்தவை. 1979இல் மெக்சிகோ வளைகுடாவில் இக்ஸ்டாக் கிணறு வெடித்து எண்ணெய் டெக்சஸ் கரையை நெருங்கிவந்த நாட்களில் முதன்முதலாக அவசரமாகத் தயாரிக்கப்பட்டவை. கரையை ஒன்று முதல் பத்து வரை தரம் பிரிப்பார்கள். அலை மோதும் பாறைக்கு ஒன்று, சதுப்புக்குப் பத்து. எந்த மாதத்தில் எந்தப் பறவை, எந்த மீன் என்ற அட்டவணையும் கூடவே இருக்கும். எங்களுக்கு அவற்றின்மேல் ஒரு மரியாதை உண்டு. மாதம் போட்டு எழுதுகிறவர்களுக்கு உயிர்கள் அசைபவை என்பது நினைவிருக்கிறது.

செடிக்கு வருவோம். எங்கள் படிவத்துக்கு மாநிலத் திட்டம் என்ன மதிப்பெண் தந்தது என்று பயிற்சி தந்த தாவரவியலாளரைக் கேட்டோம். சி என்றார். சிறு கூட்டம், மனித நடமாட்டம் மிகுந்த தடத்தின் ஓரம், நீண்டகாலம் நிலைப்பது ஐயம். அந்த இனமோ முதல் வரிசை அரியதுமல்ல. ஆக, கூட்டத்தில் அந்தப் பெண்மணி எதையும் மறைக்கவில்லை. அவருடைய வரைபடத்தில் அங்கே உண்மையாகவே எதுவும் இல்லை. எதை மற்றவர் அறிந்திருப்பார் என்று நம்பி நாங்கள் மௌனம் காத்தோமோ, அதை எங்களைத் தவிர அந்தக் கூடத்தில் ஒருவரும் அறிந்திருக்கவில்லை.

நிறுவனத்துக்கு நீங்கள் சொல்லிவிட முடியாதா என்று கேட்டோம். நிறுவனம் மாநில அலுவலகத்தைக் கேட்டால் விடை தருவார்கள். கேட்காதவரை இவர் தன்னிச்சையாகச் சொல்ல விதி இடமளிக்கவில்லை. சொல்லும்போது அவருக்கும் குரல் கம்மியது. சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, "நிலத்துக்காரருக்கு எல்லாம் தெரியும்தானே?" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

மறுநாள் மாலை தோட்டக்காரர் வீட்டுக்குப் போனோம். எழுபதைக் கடந்தவர். ஜூலை அறுவடை நடந்துகொண்டிருந்ததால் கைகளெல்லாம் சிவப்பு. விஷயத்தைச் சுற்றிவளைத்துத்தான் சொன்னோம். கேட்டுவிட்டு அவர் சிரித்தார். "என்னிடம்தான் யாரும் கையெழுத்து வாங்கவில்லையே" என்றார். எங்களுக்கு வெட்கமாக இருந்தது. மூன்று வாரங்களாக நாங்கள் சட்டப் புத்தகம் வாசித்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

அவர் அந்த நிறுவனத்தின் ஆளைத் தோட்டத்துக்கே வரவழைத்தார். நாங்கள் போகவில்லை, போகக் கூடாது என்று முடிவு செய்திருந்தோம். பிறகு அவர் சொல்லித்தான் தெரியும். குழி தோண்ட வேண்டிய இடத்தை மாற்ற முடியாது. பன்றி காட்டிய இடம் அது. ஆனால் அள்ளிய மண்ணைக் கொட்டும் இடமும் இயந்திரம் வந்து போகும் வழியும் தடத்தின் மறுபக்கம் போகலாம். வந்தவர் எதிர்ப்புச் சொல்லவில்லையாம். முன்பே சொல்லியிருந்தால் முன்பே செய்திருப்போம் என்றாராம். தோட்டக்காரர் ராஸ்ப்பெரிக் கொடி கட்டும் மூங்கில் குச்சிகளை நட்டு நீல நாடா சுற்றிவைத்தார். குழாய்க்காரர்களும் தங்கள் குறிகளைச் சிறு கொடிகளாக நட்டிருந்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் ஏதோ திருவிழா நடக்கப் போவதைப்போல் இருந்திருக்கிறது.

அந்த மூதாட்டியை அவ்வப்போது நூலகத்தில் பார்க்கிறோம். வணக்கம் சொல்கிறார், நாங்களும் சொல்கிறோம். அவருக்கு இன்றுவரை விடை கிடைக்கவில்லை.

2018 வசந்தத்தில் மறுபடி எண்ணப் போனோம். குழி இருந்த இடத்தில் புதுப்புல் விதைத்திருந்தார்கள், அது மட்டும் தனிப்பச்சையாகத் தெரிந்தது. தடத்தின் வெளிப்பாதியில் 24 செடிகள். உள்பாதியில், குழியின் விளிம்பு எட்டியிருந்த பக்கத்தில், 9. மொத்தம் 33. குறைந்ததற்குக் காரணம் தோண்டலா, அவ்வாண்டின் குளிரா என்று ஓர் ஆண்டுக் கணக்கை வைத்துச் சொல்ல முடியாது என்றார் தாவரவியலாளர். படிவத்தில் 'இடையூறுகள்' என்ற கட்டத்தில் குழாய்த்தட வேலை என்று எழுதினோம். அதற்கடுத்த 'பராமரிப்பு' என்ற கட்டத்திலும் அதையே எழுத வேண்டியிருந்தது. மூங்கில் குச்சிகளில் இரண்டு இன்னும் நின்றுகொண்டிருந்தன. நாடா வெயிலில் வெளுத்து வெள்ளையாகியிருந்தது. பிடுங்கலாமா வேண்டாமா என்று கொஞ்ச நேரம் நின்று பேசிவிட்டு, அப்படியே விட்டுவிட்டு வந்தோம்.